மேட்டில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும்

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் நிரம்பி வழிந்தது. சர்வதேச வெசாக் விழாவுக்காக இலங்கை வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த கையோடு, நோர்வூட் மைதானத்தில் மலையக மக்கள் முன் பேசினார். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் மேடையில் இருந்தார்கள். தோட்டங்களிலிருந்து பஸ்ஸிலும் கால்நடையாகவும் பல்லாயிரம் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். இந்திய உதவியில் ஏற்கெனவே 4,000 வீடுகள் கட்டப்பட்டு வந்தன. மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்ற அறிவிப்பு அன்று அந்த மைதானத்தில்தான் வந்தது. எம்.ஜி.ஆரும் முத்தையா முரளிதரனும் இந்த மண்ணிலிருந்து கிடைத்தவர்கள் என்று பேச்சில் குறிப்பிடப்பட்டபோது கூட்டம் ஆரவாரித்தது.

ஒரு நாட்டின் பிரதமர் இன்னொரு நாட்டுக்கு வந்து, தலைநகரை விட்டு இத்தனை தூரம் மலையேறி, ஏன் நோர்வூட்டில் பேச வேண்டும்? அரசியல் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் முதல் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை வட்டாரத்தில் அவ்வளவு பேரை ஒரே இடத்தில் நிறுத்தக்கூடிய பொது மைதானங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று, மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரைத் தாங்கிய நோர்வூட் விளையாட்டரங்கு.

உலகத்தில் எங்கே புதிய விளையாட்டரங்கு எழுந்தாலும் ஊர் இரண்டு படும். கூரை அழகா, தூண் மறைக்கிறதா, பழைய கட்டடத்தை ஏன் இடித்தார்கள், காசு யாருடையது என்று பேச்சு நடக்கும். மலைநாட்டில் இந்தப் பேச்சு வேறொரு இடத்தில் தொடங்குகிறது. கூரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இங்கே தரை வேண்டும்.

மலைநாட்டில் மட்டத் தரை தானாகக் கிடைப்பதில்லை. ஒன்று ஆற்றோரம் கிடைக்கும், இல்லையென்றால் சரிவை வெட்டி எடுக்க வேண்டும். கெசல்கமு ஓயா பொகவந்தலாவைப் பக்கமிருந்து நோர்வூட் வழியாக இறங்கி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்த நீர்த்தேக்கம் 1965இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1969இல், மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. நீர் வற்றும் காலங்களில் அங்கிருந்த கோயிலின் மிச்சம் வெளியே தெரியும். பார்க்க இன்றும் சனம் போகும். நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் இந்த வட்டாரத்தில் பள்ளத்தாக்கின் அடியில் இருந்த சமநிலம்தான் அந்தத் தண்ணீரின் கீழே கிடக்கிறது. மிச்சமிருந்த மட்டத் தரைக்கு அதற்கு முன்னரே சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அந்தச் சொந்தக்காரர்கள் தோட்டத் துரைமார். 1860களில் டிக்கோயாப் பக்கக் காடுகள் கோப்பிக்காக வெட்டித் திறக்கப்பட்டன. கோப்பியை இலைநோய் தின்று முடித்த பிறகு தேயிலை வந்தது. 1884இல் அட்டன் வரை ரயில் வந்தது. துரைமாரோடு அவர்களுடைய விளையாட்டுகளும் வந்தன. டிக்கோயா தரவளையில் டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் மைதானம், டிம்புளைப் பக்கத்தில் ரதல்ல மைதானம், நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல், கொல்ப் திடல் என்று, மலையில் எங்கெல்லாம் பந்து உருளக்கூடிய தரை இருந்ததோ அங்கெல்லாம் ஒரு கழகம் முளைத்தது. கிரிக்கெட்டும் றக்பியும் இந்த மைதானங்களில் நடந்தன. டிம்புளை, டிக்கோயாக் கழகங்கள் நாட்டின் றக்பிப் போட்டிகளில் பெயர் பெற்றவை. வாரக் கடைசியில் துரைமார் மைல் கணக்கில் பயணம் செய்து இங்கே கூடினார்கள்.

இந்த மைதானங்களின் கட்டட அமைப்பு ஒரே மாதிரியானது: நடுவில் புல்தரை, ஒரு பக்கம் மரத்தாலான பவிலியன், அதன் முன்னால் திறந்த வராந்தா, பின்னால் மதுக்கூடம். பார்வையாளர் இருக்கை என்று தனியாக எதுவும் கட்டப்படவில்லை. விளையாடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் ஒரே கூட்டம் என்பதால் அது தேவைப்படவில்லை. தொழிலாளியின் பிள்ளை அந்தப் புல்லில் கால் வைத்தது, புல் வெட்டவும் பந்து பொறுக்கவும்தான். நுவரெலியா ஹில் கிளப் 1960களின் பிற்பகுதி வரை இலங்கையர்களையே உறுப்பினராகச் சேர்க்கவில்லை என்றால், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தத் தரைகளை மட்டம் எடுத்த மண்வெட்டிகள் யாருடைய கைகளில் இருந்தன என்று ஊகிப்பது கடினமில்லை.

லயத்து மக்களுக்கு வேறு தரைகள் இருந்தன.

முதலாவது பெரட்டுக்களம். விடியற்காலை கொம்பு ஊதியதும், தப்பு அடித்ததும், எல்லோரும் வந்து நிற்க வேண்டிய இடம். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தத் தரை, தோட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கூடிய முதல் பொதுவெளி. கூடியது வேலைக்காகத்தான் என்றாலும், வேலை இல்லாத நேரத்தில் பிள்ளைகள் அங்கேதான் ஓடினார்கள். இரண்டாவது, தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய ஸ்டோர் முற்றம். மூன்றாவது, மாரியம்மன் கோயில் முன்றல்.

நான்காவதுதான் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல். ஒரு மக்கள் கூட்டம் தன் அரங்கைத் தானே வடிவமைத்துக்கொண்டதற்கு மலையகத்தில் இதைவிட நல்ல சான்று இல்லை.

மாசி மாதம் அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறையில் பொட்டலில் காமன் கம்பம் நடுவார்கள். அதிலிருந்து நாள்தோறும் இரவில் தப்பு முழங்கும். ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போவார்கள். கடைசி இரவில் தூதனும் வீரபத்திரனும் எமனும் ஒவ்வொருவராக வந்து ஆடி, விடியும் நேரத்தில் காமன் தகனம் நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து மூட்டையோடு மூட்டையாக வந்த இந்தக் கூத்து, மலைச்சரிவுக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. பொட்டல் பெரும்பாலும் லயங்களுக்கு நடுவே கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் இருக்கும். ஆட்டம் வட்டத்துக்குள் நடக்கும். சுற்றிவர மேடு. லயத்து வாசல் படிகளில் பாட்டிமார் உட்காருவார்கள். மேல் லயத்தின் இஸ்தோப்பில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் கம்பளி போர்த்தி நிற்பார்கள். இளவட்டங்கள் மரத்திலும் கல்லிலும் ஏறிக்கொள்வார்கள். கீழே வட்டத்தின் ஓரத்தில் சின்னப் பிள்ளைகள் சம்மணம் கொட்டுவார்கள். எவருக்கும் எவர் தலையும் மறைக்காது. நுழைவாயில் கிடையாது, சீட்டும் கிடையாது.

அர்ச்சுனன் தபசு என்ற கூத்து இன்னும் ஒரு படி மேலே போனது. உயரமான கம்பத்தை நட்டு, அர்ச்சுனன் வேடம் போட்டவர் பாடிப் பாடி அதன் உச்சிக்கு ஏறுவார். அந்தக் கம்பத்தின் உச்சியை மேல் லயத்தில் இருப்பவர் நேருக்கு நேராகப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர்கள் பார்வைக் கோடு என்று கணக்குப் போட்டு, வரிசைக்கு வரிசை இருக்கையை உயர்த்திக் கட்டுகிறார்கள். இங்கே அந்தக் கணக்கை மலையே போட்டு வைத்திருந்தது. மக்கள் அதைப் படிக்கத் தெரிந்திருந்தார்கள்.

இந்தப் பழக்கம் கூத்தோடு நிற்கவில்லை. சித்திரைப் புத்தாண்டு வந்தால் தோட்டங்களில் விளையாட்டுப் போட்டி நடக்கும். கயிறிழுத்தல், சாக்கு ஓட்டம், வழுக்குமரம் என்று போகும் பட்டியலில் எல்லேயும் உண்டு. எல்லே இலங்கையின் சொந்த ஆட்டம். கையில் கட்டை, எதிரே வரும் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி ஓடித் திரும்ப வேண்டும். பந்து பிடிபட்டாலோ, ஓடுகிறவர் மேல் பந்து பட்டாலோ ஆட்டமிழப்பு. அமெரிக்காவின் பேஸ்போலைப் பார்த்த எவருக்கும் இதன் உறவு விளங்கும். அந்த நாட்டில் அந்த ஆட்டத்துக்காகக் கோடிக் கணக்கில் கொட்டி அரங்குகள் கட்டுகிறார்கள், அவற்றின் அழகைப் பற்றி ஊரே சண்டை போடுகிறது. இங்கே எல்லேக்கு வேண்டியது நல்ல அகலமான தரை ஒன்றுதான். அந்த ஒன்றுதான் தோட்டத்தில் இல்லை. அதனால் தோட்டத்துப் பிள்ளைகள் குறைந்த இடத்தில் அடங்கும் கரப்பந்தாட்டத்தில் தேறினார்கள். இரண்டு கம்பும் ஒரு வலையும் கட்டினால் போதும். பந்து தேயிலைக்குள் உருண்டால் ஒருவர் இறங்கி எடுத்து வருவார்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்த நிலைமை ஏன் மாறவில்லை? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லாதவருக்கு யார் மைதானம் கட்டுவார்கள்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. ஆள் மாறினாலும் தரை தோட்டத்துக்குரியதாகவே இருந்தது. ஒரு மைதானத்துக்கு நிலம் வேண்டுமென்றால் கம்பனியும் அமைச்சும் சேர்ந்து விடுவிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. பின்னர் வாக்குரிமை பெற்ற தோட்டத்து மக்கள் தெரிவுசெய்த உறுப்பினரே அந்தத் தோட்டத்தின் பாதையில் ஒரு குழியை மூட முடியாத நிலை அது. பாதைக்கே அந்தக் கதி என்றால் மைதானத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு அம்பகமுவ பிரதேச சபையைப் பிரித்து நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகள் வந்தன.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் நோர்வூட் மைதானத்தின் மதிப்பு தெரியும். துரைமார் கழகத்தின் புல்லும் பெரட்டுக்களத்தின் மண்ணும் அல்லாத மூன்றாவது தரை அது. தோட்டத்துப் பிள்ளை யாரிடமும் அனுமதி கேட்காமல் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கக்கூடிய தரை. மேதின ஊர்வலங்களும் தொழிற்சங்கக் கூட்டங்களும் அரசியல் மேடைகளும் அதைத் தேடி வருவது இயல்பு. அந்த மைதானம் யாருடையது என்ற கேள்வியும் அதே அளவு சூடானது. 2017இல் தொண்டமான் பெயரைத் தாங்கிய மலையக நிறுவனங்களிலிருந்து அந்தப் பெயரை நீக்குகிறார்கள் என்று குற்றஞ்சாட்டி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆர்ப்பாட்டங்கள் நடத்தியது. 2020 மே 26ஆம் திகதி அமைச்சர் ஆறுமுகன் தொண்டமான் காலமானார். கொவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, மே 31ஆம் திகதி அவருடைய இறுதிக் கிரியை நடந்ததும் நோர்வூட் மைதானத்தில்தான். பேச்சும் துக்கமும் பந்தும் ஒரே தரையில் நடக்கும் ஊரில், அந்தத் தரையின் மேல் எதைக் கட்டினாலும் அது வெறும் விளையாட்டுக் கட்டடமாக இருக்க முடியாது.

மலையை விட்டு இறங்கிக் காலிக்குப் போனால், இதே மாதிரியான உணர்வு எவ்வளவு பெரிய வழக்காக மாறும் என்பது தெரியும். காலிக் கோட்டையின் அடியில் இருக்கும் கிரிக்கெட் மைதானம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். 1998இல் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி அதைத் துடைத்தெடுத்தது. மூன்று ஆண்டுகளில் திருப்பிக் கட்டி, 2007 டிசெம்பரில் இங்கிலாந்துடன் டெஸ்ட் ஆடினார்கள். அழிவிலிருந்து எழுந்த மைதானம் என்று நாடே நெகிழ்ந்தது. ஆனால் புதிய பார்வையாளர் மண்டபங்களைப் பார்த்த யுனெஸ்கோவுக்கு வேறு கவலை. காலிக் கோட்டை 1988இலிருந்து உலக மரபுரிமைச் சின்னம். அதன் மதிலைப் பார்க்கும் பார்வையைப் புதிய கட்டடங்கள் குறுக்கிடுகின்றன என்று உலக மரபுரிமைக் குழு ஆண்டுக்கு ஆண்டு கேள்வி எழுப்பியது. 2018இல் மண்டபத்தை இடிக்க வேண்டிவரும் என்று அரசே பேசியது. மைதானமே போய்விடும் என்று பயந்த கிரிக்கெட் ரசிகர்கள் கொதித்தார்கள். மரபுரிமையும் வேண்டும், மைதானமும் வேண்டும் என்ற நிலையில் அந்தப் பேச்சு அடங்கியது.

அந்தச் சர்ச்சையில் இரு தரப்பும் ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசின: மதில். காலியில் மிகச் சிறந்த இருக்கை மண்டபத்தில் இல்லை, கோட்டை மதிலின் மேல் இருக்கிறது, அதுவும் இலவசமாக. 2010 ஜூலை 22ஆம் திகதி முரளிதரன் இந்தியாவுக்கு எதிராக 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது மதில் மேல் நின்று பார்த்தவர்கள் ஏராளம். தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்த ஒரு குடும்பத்தின் பேரன் அந்தச் சாதனையைச் செய்ததை, அரங்கின் வெளியே நின்றவர்களும் முழுதாகக் கண்டார்கள். 2021 ஜனவரியில் கொவிட் காரணமாக ரசிகர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டபோது, இங்கிலாந்து அணியைப் பார்ப்பதற்காகவே பத்து மாதம் இலங்கையில் காத்திருந்த ஒரு ரசிகர் கோட்டை மேல் ஏறி நின்றார். அந்த ஆட்டத்தில் 228 எடுத்த இங்கிலாந்தின் ஜோ ரூட், மதிலைப் பார்த்து மட்டையை உயர்த்தி அவருக்கு நன்றி சொன்னார். மதிலை மறைத்துக் கூரை கட்டியிருந்தால் அந்தக் கணம் இல்லை.

முரளியின் பெயரையே எடுத்துக்கொண்டால், அது பல்லேகலவுக்குக் கொண்டுபோகும். 2009இல் திறந்த அந்த அரங்குக்கு அவருடைய பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை 2010இல் தீர்மானித்தது. இன்றும் பெரும்பாலானோர் பல்லேகல என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது வேறு. மைதானத்தின் ஒரு பகுதியைக் கொங்கிறீட் படிகளால் நிரப்பாமல் புல்மேடாக விட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் பாய் விரித்து உட்காருகிறார்கள். மலையில் பிறந்த பழக்கத்துக்கு மரியாதை தரும் வடிவமைப்பு என்றால் இலங்கையில் இப்போதைக்கு அதுதான்.

கடல் கடந்தால் சேப்பாக்கம். பழைய சேப்பாக்கத்தின் புழுக்கம் கிரிக்கெட் உலகத்தில் பேர்போனது. 1986 செப்டெம்பரில், சமநிலையில் முடிந்த டெஸ்டில், டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்து வைத்தியசாலைக்குப் போனது அந்த வெக்கையில்தான். 2011 உலகக் கிண்ணத்துக்காக லண்டன் ஹொப்கின்ஸ் நிறுவனம் வடிவமைத்த புதிய மண்டபங்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, பாய்மரம் போன்ற வெள்ளைத் துணிக்கூரையோடு வந்தன. அந்த இடைவெளி வழியே கடற்காற்று உள்ளே வந்தது. சென்னை ரசிகர் அதை ரசித்தார். ஆனால் மாநகராட்சி விதிகளின்படி போதிய இடம் விடப்படவில்லை என்று மூன்று மண்டபங்களுக்குப் பூட்டு விழுந்தது. ஏறத்தாழ 12,000 இருக்கைகள். பக்கத்திலிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கட்டடத்தோடு வந்த இடப் பிரச்சினை அது. தொலைக்காட்சியில் ஐ.பி.எல். பார்த்த தமிழ்நாடே, நிரம்பி வழியும் அரங்கின் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலடைந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மண்டபங்கள் மீண்டும் திறந்தன. அழகான வடிவமைப்பு வேறு, உட்கார முடிகிற வடிவமைப்பு வேறு.

மதுரைக்குப் பக்கத்தில் நடந்தது மலையக வாசகருக்கு இன்னும் நெருக்கமாகப் படும். 2024 ஜனவரி 24ஆம் திகதி, அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில், ஏறக்குறைய 66 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. பெரிய வளைவு, படிப்படியான இருக்கைகள், காளைகளுக்கான மருத்துவ வசதி, வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் உண்டு. பாதுகாப்புக்கு நல்லது என்று பலர் வரவேற்றார்கள். அலங்காநல்லூர்க்காரர்களுக்கோ அடிவயிற்றில் பயம். தங்கள் ஊர் வாடிவாசலை மூடிவிடுவார்களோ, கோயிலோடும் தெருவோடும் ஒட்டிய ஆட்டத்தை ஒரு வட்டக் கொங்கிறீட்டுக்குள் அடைத்துவிடுவார்களோ என்று. பாரம்பரியப் போட்டிகள் பழைய இடத்திலேயே நடக்கும் என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. வாடிவாசலுக்கு நாலு பக்கமும் வீட்டு மாடிகள், மரங்கள், திண்ணைகள். அங்கே நின்று பார்ப்பதும் ஜல்லிக்கட்டின் ஒரு பகுதி. புதிய அரங்கம் இருக்கையைத் தந்தது, திண்ணையைத் தரவில்லை.

உலகத்தின் பெரிய நகரங்களிலும் மக்கள் குரல் இதே வழியில்தான் போகிறது. தோக்கியோவில் 2012இல் ஸஹா ஹடீட் வரைந்த தேசிய அரங்கின் வடிவம் தேர்வானபோது, பக்கத்திலிருந்த பழைய பூங்காவையும் ஆலயச் சோலையையும் அது நசுக்கிவிடும் என்று ஃபுமிஹிகோ மாகி உள்ளிட்ட ஜப்பானியக் கட்டடக் கலைஞர்களே எதிர்த்தார்கள். சைக்கிள் தலைக்கவசம் மாதிரி இருக்கிறது என்று சாதாரண மக்கள் சொன்னார்கள். செலவும் ஏறிக்கொண்டே போனது. 2015 ஜூலையில் அரசு அந்தத் திட்டத்தையே கைவிட்டு, கெங்கோ கூமாவின் மர அடுக்குகள் கொண்ட வடிவத்தைக் கட்டியது. பேஸ்போலின் சொந்த நாட்டில், பால்டிமோர் நகரம் 1992இல் கெம்டன் யார்ட்ஸ் அரங்கைக் கட்டியபோது, ஓரத்தில் இருந்த நீண்ட பழைய ரயில்வே செங்கல் கிடங்கை இடிக்காமல் அரங்கின் பின்புலமாக வைத்துக்கொண்டது. ஊர் அதைக் கொண்டாடியது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் கட்டிய பேஸ்போல் அரங்குகளில் பல அதையே பார்த்துக் கட்டப்பட்டன. சிகாகோவின் பேஸ்போல் அரங்கான ரிக்லி ஃபீல்டைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியிலிருந்து ஆட்டம் பார்த்ததும், பிறகு அங்கே இருக்கை போட்டுக் காசு வாங்கியதும், கழகம் திரை கட்டி மறைக்கப் பார்த்ததும், கடைசியில் 2004இல் வருமானத்தில் 17 சதவீதம் கழகத்துக்கு என்று உடன்பாடு வந்ததும் பெரிய கதை. வெளியே நின்று பார்க்கிறவருக்கும் ஓர் உரிமை உண்டென்று சிகாகோவில் விலைபேசி ஒத்துக்கொண்டார்கள். காலியில் மதில் அதைச் சும்மாவே தருகிறது.

நோர்வூட்டிலும் மற்ற மலையக நகரங்களிலும் இனிக் கட்டப்படும் அரங்குகளுக்கு இந்த அனுபவங்கள் எல்லாம் கையில் கிடைக்கின்றன. மேல் கொத்மலையிலோ அட்டனிலோ ஒரு கொழும்பு வரைபடத்தைக் கொண்டுவந்து அப்படியே இறக்கினால் முதலில் எதிர்ப்புக் காட்டுவது மழை. மேற்குச் சரிவில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று சாய்த்து அடிக்கும். தட்டையான கூரையும் திறந்த முன்பக்கமும் உள்ள மண்டபத்தில் பத்தாவது வரிசையும் நனையும். மண்ணை வெட்டி மட்டம் எடுத்த இடத்தில் மேற்பக்கத்து வெட்டு நிற்க வேண்டும், கீழ்ப்பக்கத்து நிரப்பு சரியாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வழிய அகலமான காண் வேண்டும். மலைச்சரிவைக் கொங்கிறீட்டால் மூடி இருக்கை கட்டுவதை விட, அந்தச் சரிவையே புல் படிகளாக வெட்டி, அடியில் கல் அடுக்கி விட்டால் மண்ணும் நிற்கும், சனமும் உட்காரும். தேயிலைத் தோட்டத்தில் கற்கட்டு வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நூற்றைம்பது வருடமாகச் சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கற்கட்டுகள்தான்.

அடுத்தது பெண்கள். காமன் கூத்தைப் பெண்கள் மேல் லயத்திலிருந்து, தங்கள் வாசலிலிருந்து, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்கள். புதிய மைதானங்களில் பெண்கள் உட்கார ஒதுக்கிடமோ நல்ல மலசலகூடமோ இல்லாமல், வந்தாலும் அரை மணி நேரத்தில் திரும்பிப் போகும்படியான நிலை பல இடங்களில் இருக்கிறது. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு ஒரு தாய் தன் மகளின் வலைப்பந்தாட்டத்தைப் பார்க்க வந்தால், அவர் எங்கே உட்காருவார் என்ற கேள்வியிலிருந்து வரைபடம் தொடங்கலாம்.

33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபைக்குக் கை இருக்கிறது. வரைபடம் ஒன்று தயாரானால் அதைக் காரியாலயக் கோப்புக்குள் வைக்காமல் நோர்வூட் சந்தியில், தோட்டக் கோயில்களில், பெரட்டுக்களங்களில் ஒட்டலாம். தோட்டத்து இளைஞர் கழகங்களையும் கூத்து வாத்தியார்களையும் பாடசாலை விளையாட்டு ஆசிரியர்களையும் கூப்பிட்டுக் கேட்கலாம். பக்கத்து லயங்களிலிருந்து மைதானம் எவ்வளவு தெரிகிறது என்று கட்டுவதற்கு முன்னரே ஏறி நின்று பார்க்கலாம். தரவளையில் வராந்தாவோடு நின்ற வடிவமைப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரு கூட்டத்துக்கு மட்டும் வசதியாக இருந்தது. இந்தத் தலைமுறைக்குக் கிடைக்கும் மைதானத்தில் லயத்து வாசலையும் கணக்கில் எடுத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லே ஆட்டத்துக்குக்கூட வேலி ஓரத்தில் அல்லாமல் உள்ளேயே இடம் இருக்கும்.